வாக்குமூலத்தில் பதினோரு முறை

மார்ச் 4

அன்புள்ள தங்கைக்கு,

இந்தக் கடிதத்தில் நான்கு செய்திகள் உள்ளன. எடுத்த எடுப்பில் சொன்னால் நீ பதறிப்போவாய் என்பதால் வரிசையை முதலிலேயே தந்துவிடுகிறேன்.

1. எனக்கு ஏற்பட்ட காயமும் அதன் இன்றைய நிலையும்.
2. நான் கொடுத்த வாக்குமூலம்.
3. அதில் நான் பயன்படுத்திய ஒரு சொல்.
4. உன் மகன் பம்பரத்திடம் நீ சொல்ல வேண்டியது.

முதலாவது. சென்ற மாதம் 26ஆம் தேதி பிற்பகல், என் மேசையருகே உட்கார்ந்திருந்தபோது தாக்கப்பட்டேன். காகிதத்தில் துளை போடும் கனத்த இரும்புக் கருவி ஒன்று என் மேசையில் எப்போதும் இருக்கும், நீ பார்த்திருக்கிறாய். அதுதான் ஆயுதம். இடது காதுக்கு மேலே ஒன்பது தையல். இடது மணிக்கட்டு எலும்பில் விரிசல், மாவுக்கட்டு போட்டிருக்கிறார்கள். நேற்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எழுதுகிற கை நன்றாக இருக்கிறது. கீழ்த்தளத்துப் பல் மருத்துவரின் மனைவி மதியச் சாப்பாடு கொண்டுவந்து வைக்கிறார். குனிந்தால் மட்டும் தலை சுற்றுகிறது. ஆகையால் குனிவதில்லை.

இரண்டாவது. ஒரு காவலர் மருத்துவமனைக்கு வந்து, "நீங்க சொல்லுங்க சார், நான் எழுதிக்கிறேன்" என்றார். முப்பத்தொரு ஆண்டுகள் நீதிமன்றத்தில் ஊரார் வாக்குமூலங்களை மொழிபெயர்த்தவன் நான். என் வாக்குமூலத்தை இன்னொருவர் எழுதினால் நான் கட்டிலிலேயே புரண்டுகொண்டிருப்பேன். காகிதம் கேட்டு வாங்கி நானே எழுதினேன். "தலையில அடிபட்டவர் மாதிரியே தெரியலையே சார்!" என்றார் அவர். பாராட்டாகத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

மூன்றாவது. பணியில் இருந்தபோது நான் ஒரு கலைச்சொற் குழுவில் இருந்தேன். ஒருவரை வன்முறையாக அடித்தவரைக் குறிக்க அதுவரை ஆளுக்கொரு சொல்லை எழுதிக்கொண்டிருந்தார்கள். 'குற்றவாளி' என்றால் தீர்ப்பே வந்துவிட்டதாக ஆகும். 'அடியாள்' என்றால் பின்னால் இன்னொருவர் ஏவியதாக ஆகும். 'முரடன்' என்றால் பிறந்ததிலிருந்தே அப்படித்தான் என்று ஆகும். ஒருவர் 'கொலைகாரன்' என்று எழுதியிருந்தார். அடிபட்டவரோ நீதிமன்ற வாசலில் நின்று வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தார். நான் 'தாக்கியவர்' என்ற சொல்லை முன்வைத்தேன். இரண்டு கூட்டங்கள் விவாதித்து ஏற்றுக்கொண்டார்கள். அது நடந்த செயலைச் சொல்கிறது. அதற்கு முன் அந்த மனிதர் எப்படி வாழ்ந்தார், இனி எப்படி வாழ்வார் என்பதில் தலையிடுவதில்லை. செய்தவரை அவமதிக்காமல் செய்ததை மட்டும் பதிவு செய்கிற சொல். என் வாழ்க்கையில் உருப்படியாகச் செய்த வேலை அது என்று சில நாட்களில் எனக்குத் தோன்றும். என் வாக்குமூலத்தில் அச்சொல்லைப் பதினோரு முறை எழுதியிருக்கிறேன்.

நான்காவது. பம்பரம் என்னைப் பார்க்க இப்போது வர வேண்டாம் என்று சொல். வேலை தேடுகிற நேரத்தில் அலைய வேண்டாம். அவன் துணிமணிகளை மடித்து வைத்திருக்கிறேன். பார்சலில் அனுப்புகிறேன்.

அன்புடன்,
அண்ணன்


மார்ச் 9

அண்ணா,

உன் மண்டையில் ஒன்பது தையல். அதற்கு நாலு வரி. ஒரு சொல்லுக்கு ஒரு பக்கம். உன்னை எந்த மண்ணால் செய்தார்கள் என்று எனக்கு இந்த வயதிலும் தெரியவில்லை.

கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை அழுதேன். இரண்டாம் தடவை உன்னைத் திட்டினேன். மூன்றாம் தடவை எழுந்து போய்க் காலண்டரைப் பார்த்தேன். ஏன் என்று சொல்கிறேன்.

பம்பரம் 26ஆம் தேதி பொழுது சாயும்போது இங்கே வந்து நின்றான். ஐந்து மாதமாக உன்னோடு தங்கியிருந்தவன், ஒரு பை கூட இல்லாமல் வந்தான். "என்னடா திடீர்னு?" என்றேன். "உன்னைப் பாக்கணும்னு தோணுச்சு" என்றான். முப்பத்து மூன்று வயதில் அவனுக்கு முதல் தடவையாக அப்படித் தோன்றியிருக்கிறது. வலது கை விரல் முட்டியெல்லாம் வீங்கியிருந்தது. லிஃப்ட் ரிப்பேர் பார்க்கப் போன இடத்தில் கதவில் மாட்டிக்கொண்டது என்றான். வேலையே இல்லாதவனுக்கு எந்த லிஃப்ட்?

உன் கடிதத்தில் அன்றைக்கு அவன் எங்கே இருந்தான் என்று ஒரு வார்த்தை இல்லை. சாப்பாடு யார் கொண்டுவருகிறார்கள் என்று எழுதுகிற ஆள் நீ. அவனை விட்டுவிட்டாய். பிறகு கடைசியில் வந்து, அவன் இங்கே வர வேண்டாம் என்கிறாய்.

தொலைபேசியில் கேட்க முடிந்தால் அன்றைக்கே கேட்டிருப்பேன். இருபத்தாறு வருஷம் மில் தறிச் சத்தம் என் காதைத் தின்றுவிட்டது. அதனால் எழுதிக் கேட்கிறேன். சுற்றி வளைக்காமல் பதில் எழுது.

யார் அடித்தது?

தங்கச்சி


மார்ச் 14

அன்புள்ள தங்கைக்கு,

உன் கேள்விக்கு நேராக விடை எழுத மூன்று முறை உட்கார்ந்தேன். இயலவில்லை. எழுத முடிந்த இரண்டை மட்டும் எழுதுகிறேன்.

ஒன்று. எங்கள் கட்டடத்துக்குத் தண்ணீர் கேன் கொண்டுவருபவரை அழைத்துப் போயிருக்கிறார்கள். அவர் படிகளில் எப்போதும் ஓட்டமாகத்தான் ஏறி இறங்குவார். அன்றும் அந்த நேரத்தில் ஓடி இறங்கியதைக் காவலாளி பார்த்திருக்கிறார். அதற்கு முந்தைய வாரம் ஒரு கேன் கசிந்து என் காகிதங்கள் நனைந்ததால் எங்களுக்குள் வாக்குவாதம் நடந்தது. அதைப் பல் மருத்துவரின் மனைவி கேட்டிருக்கிறார். தாக்கியவர் நீலச் சட்டை அணிந்திருந்தார் என்று நான் எழுதியிருக்கிறேன். தண்ணீர்க்காரரின் சீருடையும் நீலம். தாக்கியவர் கதவைத் தட்டவில்லை, உள்ளே வர அனுமதி கேட்கவில்லை என்றும் எழுதியிருக்கிறேன். எல்லாம் உண்மை.

இரண்டு. பம்பரத்துக்குப் புதிதாக ஒரு மருத்துவமனையில் லிஃப்ட் பராமரிப்பு வேலை கிடைக்கும்போல் இருந்தது. பழைய நிறுவனம் கொடுத்த சான்றிதழை மொழிபெயர்த்துத் தரச் சொன்னான். அதில், உடன் வேலை செய்தவரை அவன் அடித்துப் பல்லை உடைத்ததால் வேலையிலிருந்து நீக்கினார்கள் என்று ஒரு வரி இருந்தது. 26ஆம் தேதி பிற்பகல் நடந்த பேச்சை உள்ளபடி எழுதுகிறேன்.

"மாமா, அந்த ஒரு வரியை மட்டும் விட்டுடுங்க."

"மூலத்துல இருக்கேப்பா."

"மூலத்தை யாரு பாக்கப்போறா? 'சின்னத் தகராறு'ன்னு போடுங்க. இல்ல, 'கருத்து வேறுபாடு'ன்னு போடுங்க. உங்க மாதிரி ஆளுங்க எழுதுறாப்ல அழகா இருக்கும்."

"கருத்து வேறுபாட்டுல யாருக்கும் பல்லு உடையாதுப்பா."

அவன் சிரித்தான். நானும் சிரித்தேன். பிறகு நான் எழுதி முடித்திருந்த தாளை எடுத்துப் படித்தான். சிரிப்பு நின்றுவிட்டது.

"'தாக்கியவர்'னு போட்டிருக்கீங்க. யாரு மாமா இது? நானா?"

"அதுதான் முறையான சொல்."

"தங்கச்சி புள்ளைய இப்படித்தான் எழுதுவீங்களா?"

"நானா எழுதல. அவங்க எழுதினதை நான் மொழிபெயர்த்தேன், அவ்வளவுதான்."

"மாத்துங்க மாமா. அந்தச் சொல்லோட போனா என்னை வாசல்லயே நிறுத்திடுவாங்க. ஒரே ஒரு சொல்லு. உங்க கைய மீறினதா?"

"என் பேர்ல ஒரு காகிதம் போகுதுன்னா அதுல சொல்லை மாத்த மாட்டேன்."

அவனுக்கு முதுகைக் காட்டி, தாளைக் கோப்பில் வைக்கத் திரும்பினேன்.

அதற்குப் பிறகு நடந்தது வாக்குமூலத்தில் இருக்கிறது.

அண்ணன்


மார்ச் 18

அண்ணா,

உன் கடிதம் வந்த அன்றே அவனைச் சமையலறையில் உட்காரவைத்துக் கேட்டேன். உதட்டைப் பார்த்தால் எனக்குப் பேச்சு விளங்கும் என்று அவனுக்குத் தெரியும். அதனால் சுவரைப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னான். மோவாயைப் பிடித்துத் திருப்பினேன்.

"மாமாவே ஒண்ணும் சொல்லல. உனக்கு என்னம்மா அவசரம்?"

"அப்ப நீதான்."

"ஒரு தடவைதாம்மா. கோவத்துல."

"ஒம்பது தையல், உடைஞ்ச மணிக்கட்டு. ஒரு தடவையிலயா?"

விரல் முட்டியைத் தடவினான். பிறகு, "ரெண்டு" என்றான்.

தலைக்கு ஒன்று. தடுக்கத் தூக்கின கைக்கு ஒன்று. நான் பெற்ற பிள்ளை என் கண்ணைப் பார்த்துக் கணக்குச் சொல்கிறான்.

"மாமா கீழ விழுந்து கெடக்காரே, அப்படியே விட்டுட்டு வந்தியாடா?" என்றேன். "மூச்சு இருந்துச்சும்மா, பாத்துட்டுத்தான் வந்தேன்" என்றான். அதைச் சொல்லும்போது அழுதான். அழுததும் நிஜம்தான். அவன் சின்ன வயதிலிருந்தே அப்படி. உடைப்பான், பிறகு உடைந்ததை வைத்துக்கொண்டு அழுவான். நான் ஒவ்வொரு தடவையும் அழுகையை மட்டும் பார்த்தேன்.

தண்ணீர்க்காரரைப் பற்றிச் சொன்னேன். "அவரை விட்டுடுவாங்கம்மா, அவர் செய்யலையே" என்கிறான். சாப்பிட்டான். தூங்கினான்.

இப்போது உனக்குச் சொல்கிறேன். அவன் வேலைக் காகிதத்தில் ஒரே ஒரு சொல்லை மாற்றச் சொன்னான். மாட்டேன் என்றாய். உன் வீட்டுப் பிள்ளை என்றும் பார்க்காமல் உள்ளதை உள்ளபடி எழுதினாய். அது சரி என்றே வைத்துக்கொள்வோம். அதே சொல்லைப் போலீஸ் காகிதத்தில் பதினோரு தடவை எழுதி, அதற்குப் பின்னால் அவனை ஒளித்துவைத்தாய். கூடவே நீயும் ஒளிந்துகொண்டாய். அவனுக்கு வேலை வேண்டியிருந்தபோது அந்தச் சொல் அவனைக் காட்டிக்கொடுத்தது. அவனைக் காட்ட வேண்டிய இடத்தில் மூடிவைத்தது. கலைச்சொற் குழுவில் இதைப் பற்றி ஏதாவது பேசினீர்களா?

போய்ச் சொல்லிவிடு அண்ணா. வேறு ஒருத்தர் உள்ளே இருக்கிறார்.

தங்கச்சி


மார்ச் 27

அன்புள்ள தங்கைக்கு,

நீ எழுதியதில் தவறு எதுவும் இல்லை. ஆனாலும் நான் இதுவரை சொல்லாததற்குக் காரணங்கள் இல்லாமல் இல்லை. மூன்று.

முதலாவது, நீ. உனக்கு இருப்பது அவன் ஒருவன்தான். உன் கணவர் போன பிறகு அவனை நீ எப்படி வளர்த்தாய் என்று எனக்குத் தெரியும். மருத்துவமனையில் பேனாவைக் கையில் எடுத்தபோது உன் நினைவுதான் வந்தது. என் கையால் உன் பிள்ளையைச் சிறைக்கு அனுப்ப மனம் வரவில்லை. இதற்கு மேல் விளக்கத் தெரியவில்லை.

இரண்டாவது, தண்ணீர்க்காரருக்கு எதிராகச் சான்று எதுவும் இல்லை. கருவியில் அவர் கைரேகை இருக்க முடியாது. நீதிமன்றங்களை நான் அறிவேன். தாமதமாகும். ஆனால் விடுவித்துவிடுவார்கள்.

மூன்றாவது, நான் பொய் எழுதவில்லை. வாக்குமூலத்தின் ஒவ்வொரு வரியும் உண்மை. தாக்கியவர் கதவைத் தட்டவில்லை என்பது உண்மை. அவனிடம் சாவி இருந்ததால் தட்ட வேண்டியிருக்கவில்லை. யாரையும் குற்றம் சாட்டாத சொல்லைத்தான் எழுதினேன். அவர்கள் அதை வேறொருவர் மீது பொருத்தினால் அது சொல்லின் பிழை ஆகாது.

இப்படி எழுதிவிட்டு மேலே படித்துப் பார்க்கிறேன். மூன்றாவது அவ்வளவு உறுதியாக இல்லை. உன்னிடம் மறைத்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்.

நான் வாக்குமூலம் எழுதிய மறுநாள் ஆய்வாளர் வந்தார். படித்துவிட்டு, "ஆள் யாருன்னு தெரியுமா சார்?" என்று கேட்டார். "எழுதியிருப்பதுதான் என் பதில்" என்றேன். மிகவும் கண்ணியமான பதில் என்று அப்போது எனக்குத் தோன்றியது. அவர் ஒரு படிவத்தில் சுருக்கம் எழுதி எனக்குப் படித்துக்காட்டினார். 'அடையாளம் தெரியாத நபர் ஒருவர் தாக்கியதில்' என்று தொடங்கியது. 26ஆம் தேதி என்பதற்குப் பதிலாக 27 என்று எழுதியிருந்தார். அதைச் சுட்டிக்காட்டினேன். திருத்தினார். கையொப்பம் இட்டேன்.

தேதியைத் திருத்தினேன். அந்த மூன்று சொற்களைத் திருத்தவில்லை. இதுவரை எத்தனை ஆயிரம் வரைவுகளைத் திருத்தியிருப்பேன் என்று உனக்குத் தெரியும்.

எனக்குச் சற்று அவகாசம் கொடு.

அண்ணன்


ஏப்ரல் 4

அண்ணா,

நேற்று நான் உன் ஊருக்கு வந்திருந்தேன். உன்னைப் பார்க்கவில்லை. வருத்தப்படாதே. வருத்தப்பட்டாலும் பரவாயில்லை.

நாலு மணி நேரம் பஸ். தண்ணீர் கம்பெனியில் விசாரித்து அவர் வீட்டுக்குப் போனேன். ஒரே அறை. வாசலில் காலி கேன்கள் அடுக்கியிருந்தன. அவர் மனைவி கைவண்டியில் நிரம்பிய கேன்களை ஏற்றிக்கொண்டிருந்தாள். அவர் வராவிட்டால் இந்தத் தெருக்களை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்களாம். அதனால் இவள் போகிறாள். ஒரு கேனைத் தூக்கித் தோளில் வைத்துவிட்டு ஒரு நிமிஷம் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். பிறகு நடக்கிறாள்.

எனக்குக் காது கேட்காது என்றேன். நல்லவேளை, அவள் கத்திப் பேசுகிறவள். வாயும் அகலமாகத் திறக்கும். அடிபட்ட பெரியவருக்கு உறவு என்று சொன்னேன். என்ன உறவு என்று சொல்லவில்லை. துரத்துவாள் என்று நினைத்தேன். உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தாள்.

"அவரு எப்படி இருக்காரு? தையல் பிரிச்சாச்சா?" என்றாள்.

"பிரிச்சாச்சு."

"எங்க வீட்டுக்காரரு அவரை வாத்தியார்னுதான் சொல்லுவாரு. கேனைக் கொஞ்சம் கோணலா வெச்சாலும், 'நேரா வைப்பா, நேரா வைப்பா'ம்பாராமே. அன்னிக்குக் கேன் ஒழுகிச் சத்தம் போட்டாருன்னு வந்து சொன்னாரு. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாரு. கோவமே இல்லம்மா. ஆனா போலீஸ்ல, அதான் காரணம்கிறாங்க."

நான் வாசலில் அடுக்கியிருந்த கேன்களைப் பார்த்தேன்.

"வக்கீல் ஒண்ணு சொன்னாரு, எனக்கு விளங்கவே இல்ல. பெரியவரு எழுதிக்கொடுத்த காகிதத்துல எங்க வீட்டுக்காரரு பேரு இல்லையாம். யாரு பேருமே இல்லையாம். பேரே இல்லாத காகிதத்துக்கு ஒருத்தரை எப்படிம்மா உள்ள வைப்பாங்க?"

என்னைப் பார்த்துக் கேட்டாள். பதில் தெரிந்தவளைப் பார்த்துக் கேட்கிற மாதிரி. எனக்குப் பதில் தெரியும் அண்ணா. நான் தலையைக் குனிந்துகொண்டு காது கேட்காத மாதிரி இருந்துவிட்டேன். என் வாழ்நாளில் என் செவிட்டை அப்படிப் பயன்படுத்தினது இதுதான் முதல் தடவை.

திரும்பும்போது உன் தெருவில் எதிர்ப்பக்கம் நின்றேன். நீ ஜன்னல் ஓரம் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாய். தலையில் ஒரு பக்கம் முடி இல்லை. மேலே ஏறி வந்து உன் தலையைத் தொட்டுப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. வந்தால் நீ இன்னும் மூன்று காரணம் சொல்வாய். நானும் கேட்டுக்கொண்டு பஸ் ஏறிவிடுவேன். அதனால்தான் வரவில்லை.

உன் முதல் காரணத்தைப் படித்துவிட்டு ஒரு நாள் முழுக்கச் சோறு இறங்கவில்லை. எனக்காக என்று எழுதியிருக்கிறாய். அப்படியென்றால் அந்தப் பெண் தோளில் கேன் சுமப்பது எனக்காக. அவர் உள்ளே இருப்பது எனக்காக. உன் பாசத்துக்கு நான் எப்படி நன்றி சொல்வது, நீயே ஒரு சொல் கண்டுபிடித்துக் கொடு.

சரி. நிஜமாகவே எனக்காக என்றால் ஒன்று செய். நீ போய்ச் சொல். நானும் சொல்லலாம். ஆனால் நீ சொன்னால் அவன் ஒரு மாமாவை இழப்பான். நான் சொன்னால் அவனுக்கு அம்மா இருக்க மாட்டாள். உள்ளே போகிறவனைப் பார்க்கப் போவதற்கு யாராவது ஒருத்தர் மிச்சம் இருக்க வேண்டும். அந்த ஒருத்தியாக என்னை இருக்கவிடு. வேறு எதுவும் உன்னிடம் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை வரைக்கும் பார்ப்பேன்.

தங்கச்சி


ஏப்ரல் 24

அன்புள்ள தங்கைக்கு,

நீ எனக்கு எழுதி இருபது நாட்கள் ஆகின்றன. இனி எழுதுவாயா என்று தெரியவில்லை. இதைப் படிப்பாயா என்றும் தெரியவில்லை. நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

உன் கடிதம் புதன்கிழமை கிடைத்தது. அன்றே காவல் நிலையத்துக்குப் போனேன். வாசலில் இருக்கும் மரப்பெஞ்சில் உட்கார்ந்தேன். என் முறை வந்தபோது எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

வியாழக்கிழமை மேசை வரைக்கும் போனேன். எழுத்தர், "சொல்லுங்க பெரியவரே, என்ன விஷயம்?" என்றார். குடை தொலைந்துவிட்டது என்றேன். ஒரு படிவம் கொடுத்தார். குடையின் நிறம், கைப்பிடி, எங்கே கடைசியாகப் பார்த்தேன் என்பதையெல்லாம் தெளிவாக எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்தேன். குடை வீட்டில் இருந்தது. என் வாழ்க்கையில் அரசாங்கக் காகிதம் ஒன்றில் நான் எழுதிய முதல் பொய் அது என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன். பிறகு, முதலாவது இல்லை என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை போகவில்லை. உடம்பு சரியில்லை என்று எழுதத்தான் ஆசை. உடம்பு நன்றாகவே இருந்தது.

சனிக்கிழமை நண்பகல் போனேன். இம்முறை திரும்பக் கூடாது என்று, சொல்ல வேண்டியதை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போனேன். முதல் வரியிலேயே அவன் பெயரை எழுதியிருந்தேன். ஆய்வாளர் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். அவர் முகத்தில் கோபம் இல்லை. களைப்புதான் இருந்தது.

"இப்பதான் வர்றீங்களா சார்? உங்க தங்கச்சி காலையிலயே வந்துட்டுப் போயிட்டாங்க."

நான் கொண்டுபோன தாள் என் பையில் அப்படியே இருந்தது. அவர் அதைக் கேட்கவில்லை. உன் வாக்குமூலத் தாள்களை என் முன்னால் வைத்து, "படிச்சுப் பாத்துட்டு, இது சரியான்னு மட்டும் சொல்லுங்க" என்றார்.

உனக்குக் காது கேட்காததால் எழுத்தர் கேள்விகளைத் தாளில் எழுதியிருக்கிறார். நீ அதே தாளில் பதில் எழுதியிருக்கிறாய். நான்கு பக்கங்கள்.

நீங்கள் யார் என்று அவர் கேட்டிருக்கிறார். அடிபட்டவரின் தங்கை என்று எழுதியிருக்கிறாய்.

சம்பவத்தை நேரில் பார்த்தீர்களா. இல்லை, அன்று மாலை என் மகனின் கையைப் பார்த்தேன்.

தாக்கியவர் உங்களுக்குத் தெரிந்தவரா. என் மகன்.

தாக்கியவர் சம்பவத்தை ஒப்புக்கொண்டாரா. என் மகன் என்னிடம் சொன்னான், இரண்டு தடவை அடித்ததாகச் சொன்னான்.

தாக்கியவர் தற்போது எங்கே இருக்கிறார். என் மகன் வீட்டில் தூங்குகிறான், கதவு பூட்டவில்லை, அவனைத் தட்டி எழுப்புங்கள், இழுக்காதீர்கள்.

எழுத்தர் அந்த நான்கு பக்கங்களில் ஒன்பது இடங்களில் 'தாக்கியவர்' என்று எழுதியிருக்கிறார். முறையாகத்தான் எழுதியிருக்கிறார்; அவருக்கு அப்படித்தான் பயிற்சி கொடுத்திருப்பார்கள். ஒன்பது இடங்களிலும் நீ 'என் மகன்' என்று பதில் எழுதியிருக்கிறாய். ஓரிடத்தில்கூட நீ 'அவர்' என்றோ 'மேற்படி நபர்' என்றோ எழுதவில்லை. நான் ஒவ்வொரு வரியாக விரலை வைத்துப் படித்தேன். திருத்த ஒன்றும் இல்லை. "சரி" என்று எழுதிக் கையொப்பமிட்டேன்.

அவனை அன்று மாலையே அழைத்து வந்ததாகப் பிறகு அறிந்தேன். முரண்டு பிடிக்கவில்லையாம். உன்னைப் பார்க்காமல் வண்டியில் ஏறினானாம். வாரம் ஒரு முறை பார்க்க அனுமதி உண்டு. இரண்டு முறை நீ வந்தாய் என்றும், இரண்டு முறையும் அவன் பார்க்க மறுத்துவிட்டான் என்றும் ஆய்வாளர் சொன்னார். நீ சொன்னதுபோலவே நடந்துவிட்டது. நான் வெள்ளிக்கிழமை போயிருந்தால் அவன் என்னைத்தான் மறுத்திருப்பான்.

தண்ணீர்க்காரரைச் செவ்வாய்க்கிழமை விடுவித்தார்கள். அவர் வீட்டுக்குப் போனேன். கதவருகே நின்று, உண்மை எனக்கு முதல் நாளே தெரியும் என்று சொன்னேன். கேட்டுக்கொண்டார். உள்ளே திரும்பி மனைவியைப் பார்த்தார். பிறகு, "நாப்பது நாளு வாத்தியாரே" என்றார். கதவைச் சாத்தவில்லை. நான்தான் கிளம்பினேன். எங்கள் கட்டடத்துக்கு இப்போது வேறு ஒருவர் தண்ணீர் கொண்டுவருகிறார்.

இனி, இந்தக் கடிதத்தை எழுதத் தொடங்கியதற்கான காரணம்.

மார்ச் 27ஆம் தேதிக் கடிதத்தில் நான் மூன்று காரணங்கள் கூறியிருந்தேன். இரண்டாவது ஓரளவுக்குச் சரி; அவருக்கு எதிராகச் சான்று எதுவும் கிடைக்கவில்லை. மூன்றாவது வெறும் வாதம் என்பதை அதை எழுதும்போதே உணர்ந்தேன். நீயும் உணர்ந்திருப்பாய். ஆனால் முதலாவதை நீ நம்பினாய். அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை என்று எழுதினாய். அந்த வரியின் சுமையோடுதான் நான்கு மணி நேரம் பேருந்தில் வந்து காவல் நிலையப் படிகளை ஏறியிருப்பாய்.

மருத்துவமனையில் பேனாவை எடுத்தபோது எனக்கு உன் நினைவு வரவில்லை. என் வீட்டுச் சாவி அவனிடம் இருக்கிறது என்ற நினைவுதான் வந்தது. பெயரை எழுதினால் ஒருநாள் அவன் கதவைத் தட்டாமல் மறுபடியும் உள்ளே வருவான் என்று நினைத்தேன். உன் பெயரை நான் பிறகுதான் சேர்த்தேன். பாசம் என்று எழுதினால் உன்னால் பதில் சொல்ல முடியாது என்பது எனக்குத் தெரியும். வீடு திரும்பிய மறுநாளே பூட்டை மாற்றிவிட்டேன். அதை நான் எந்தக் கடிதத்திலும் உனக்குச் சொல்லவில்லை.

ஆகவே முதலாவது காரணம் தவறு. நான் சொல்லாமல் இருந்தது உனக்காக அல்ல. உன் மகனுக்குப் பயந்து.

அண்ணன்